பன்னிரண்டாம் தகரம்

பிப்ரவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நன்றாகவே இருக்கிறேன். முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. போன இடத்தில் உனக்குத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, வேலை பிடிபட்டதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

பஸ் ஏறும்போது நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "வண்டி முடியிற வரைக்கும் என்ன வேணும்னாலும் கேட்டு எழுதுங்க மாமா, பதில் போடறேன். அதுக்கப்புறம் என்னை விட்டுடுங்க." போன் வேண்டாம் என்றும் சொன்னாய், என் குரல் அப்படியே அவன் குரல் மாதிரி இருக்கிறது என்று. அதற்கு நான் என்ன செய்ய, பெற்ற மகனுக்கு அந்தக் குரலைக் கொடுத்ததே நான்தான். ஆகவே பேனாவை எடுத்திருக்கிறேன்.

வண்டியைப் போன வாரம் பெயிண்டரின் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தோம். உனக்கு அவரை நினைவிருக்கும், எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பாரே, அந்த நாளைக்காரர்தான். அவர் வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். உன் புருஷன் இரண்டு பழைய கார்களை வெட்டி ஒன்றாக ஒட்டிய இடத்தைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கூரையை நாலு விரல் இறக்கியதையும், கதவுக் கைப்பிடிகளைப் பிடுங்கிவிட்டு ஓட்டைகளை அடைத்ததையும் தடவிப் பார்த்தார். "உங்க பையன் கை சுத்தம்" என்றார். ஹாரனை அழுத்திவிட்டுத் திடுக்கிட்டார். அது நான் முப்பத்து நாலு வருஷம் ஓட்டிய பஸ்ஸின் ஹாரன் என்று அவருக்குத் தெரியாது.

எல்லாம் முடித்துவிட்டு நிறத்துக்கு வந்தபோதுதான் அவன் கண்ணை மூடிவிட்டான். இரண்டு வருஷம் வண்டி சாம்பல் நிறப் பிரைமர் பூச்சோடு நின்றது. கிரீம் அடிக்கப்போவதாக அவன் சொன்னது எனக்குத் தெரியும். எந்தக் கிரீம் என்பதுதான் கேள்வி. நாளைக்காரர் சிரிக்கிறார். "கிரீம்னா ஒரு நிறமா என்ன? வெள்ளையில விழுற தப்பு எல்லாமே கிரீம்தான். உங்களுக்கு எந்தத் தப்பு வேணும்?"

மூன்று தகரத் துண்டுகளில் மூன்று தப்புகளை அடித்து வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் எண் போட்டிருக்கிறது. எது அவன் சொன்னது என்று பார்த்து எழுது. உனக்குத்தான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

*

பிப்ரவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதமும் தகரங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நான் நலம். முழங்காலோடு நீங்கள்தான் முதலில் பேச வேண்டும், டாக்டர் கொடுத்த களிம்பு சமையலறை அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது.

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை மூக்குக்கண்ணாடி வில்லைகளின் விளிம்பைத் தேய்ப்பது. காலையில் ஒரு தட்டு நிறைய வரும், சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றும் அதனதன் ஃபிரேமில் உட்கார வேண்டும். சட்டைக்கை முழுக்க வெள்ளைத் தூள். யாரும் அதிகம் பேசுவதில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அறை ஐந்தாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்கிறது. ஏறி இறங்குகிறேன்.

நிறம் போட்ட வில்லைகளைச் சரிபார்க்க எங்கள் மேசையில் பகல் வெளிச்சம் தருகிற ஒரு விளக்கு உண்டு. மதிய இடைவேளையில் உங்கள் தகரங்களை அதன் கீழ் வைத்துப் பார்த்தேன். ஒன்று பல் தேய்க்கும் பசை. மூன்று காய்ச்சலில் கிடந்தவர் முகம். இரண்டு கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் மஞ்சள் கொஞ்சம் தூக்கல். அவர் சொன்ன நிறம் எனக்கு அவ்வளவு சரியாக நினைவில்லை மாமா.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 1

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது, இன்று பதில் எழுதிவிட்டேன். களிம்பு நீ சொன்ன தட்டில்தான் இருந்தது. நான் இரண்டு மாதமாக முதல் தட்டில் தேடிக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் தூக்கல் என்று நீ எழுதியதை நாளைக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "அங்கே இருந்துகிட்டே சொல்லிட்டாங்களா" என்று ஆச்சரியப்பட்டார். மஞ்சளைக் குறைத்து நான்கு, ஐந்து, ஆறு அடித்திருக்கிறார். நான்கில் சிவப்பு ஒரு சொட்டு. ஐந்தில் கறுப்பு, ஒரு சொட்டுகூட இல்லை, குச்சி நுனியில் தொட்டது. ஆறில் இரண்டும். ஒரு குச்சி நுனிக்கு இவ்வளவு மாறுமா என்று என்னால் நம்ப முடியவில்லை. பஸ்ஸில் இத்தனை வருஷம் நான் பார்த்தது மூன்றே நிறம்தான், சிவப்பு, மஞ்சள், பச்சை.

தினமும் பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போய்விடுகிறேன். அவர் எனக்கென்று ஒரு பழைய கார் இருக்கையைத் தரையில் போட்டிருக்கிறார். அங்கே ரேடியோ பாடுகிறது, ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். வீட்டில் குழாய் சொட்டுவது வரைக்கும் கேட்கிறது. நீ இருந்தபோது அது சொட்டியதா என்ன, எனக்கு நினைவே இல்லை.

உன் லிஃப்ட் மூன்றாவது மாடியிலேயே நிற்பது கதவு தட்டுவதால் இருக்கும். எங்கள் பஸ்ஸின் பின்கதவும் அப்படித்தான், முழுசாக மூடாவிட்டால் வண்டி நகராது. வேலை தெரிந்த ஆளை அழைத்துப் பார்க்கச் சொல்.

அவசரம் ஒன்றுமில்லை. நிதானமாகப் பார்த்து எழுது.

மாமா

*

மார்ச் 27

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நான் நலமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஐந்துதான் நெருங்கி வருகிறது. அதையே அடிக்கச் சொல்லிவிடலாம்.

லிஃப்டைப் பார்க்க ஒருவர் வந்தார். நீங்கள் சொன்ன மாதிரியே கதவுதான். "இதை யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். என் மாமா பஸ் டிரைவர் என்றேன். மரியாதையோடு தலையாட்டினார். ஒரு வாரம் ஓடியது, இப்போது மறுபடியும் நிற்கிறது.

குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். நான் இருந்தபோதும் சொட்டியது. கீழே ஒரு துணி போட்டு வைத்திருந்தேன்.

உங்கள் மருமகள்

*

ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். வாஷர் மாற்றிவிட்டேன். இப்போது குழாய் சத்தமும் இல்லை.

ஐந்தை அடிக்கச் சொல்லலாம் என்றுதான் நானும் கிளம்பினேன். ஆனால் அதே கலவையில் அடித்த இன்னொரு துண்டை நான் ஜன்னலோரம் வைத்திருந்தேன், இருபது நாளில் அது மஞ்சளித்துவிட்டது. நாளைக்காரர் இல்லை என்கிறார். எனக்குத் தெரிகிறது. ஒரு தடவை அடித்தால் அடித்ததுதான், அவசரப்பட்டு அவன் வண்டியைக் கெடுத்துவிடக் கூடாது. ஏழு, எட்டு, ஒன்பது இதோடு இருக்கின்றன. காலை வெயிலில் ஒரு தடவை, சாயங்கால வெயிலில் ஒரு தடவை, உன் மேசை விளக்கில் ஒரு தடவை பார். மூன்றும் தனித்தனியாக எழுது.

லிஃப்ட் ஏன் மறுபடியும் நிற்கிறது? கதவைச் சரிசெய்த ஆள் அரைகுறையாக விட்டுப் போயிருக்க வேண்டும். அல்லது திரும்ப வர வேண்டும் என்று விட்டுப் போயிருக்க வேண்டும். நான் டிரைவர், எனக்கு இரண்டு வகை மெக்கானிக்கையும் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் நாய் ஒன்று வாங்கியிருக்கிறார். அது என்னைப் பார்த்துத்தான் குரைக்கிறது. வேறு யாரும் இந்தப் பக்கம் நடப்பதில்லை.

மாமா

*

மே 9

மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

எட்டு. காலை வெயிலில் எட்டு, சாயங்கால வெயிலில் எட்டு, விளக்கிலும் எட்டு. எனக்குச் சந்தேகமில்லை. தயவுசெய்து அடிக்கச் சொல்லுங்கள். வண்டி முடிந்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

லிஃப்ட் நன்றாக ஓடுகிறது.

மருமகள்

*

மே 15

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. சின்னக் கடிதமாக இருந்தாலும் நாலு தடவை படித்தேன், அதனால் பெரிய கடிதம்தான்.

எட்டு நல்ல நிறம், நான் மறுக்கவில்லை. ஆனால் நிழலில் வைத்தால் லேசாகப் பச்சை தட்டுகிறது. அவன் பச்சையைத் தொடவே மாட்டான். சின்ன வயசில் பச்சைச் சட்டை வாங்கிக் கொடுத்ததற்கு மூன்று நாள் பேசவில்லை. நாளைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு பத்தும் பதினொன்றும் அடித்துக் கொடுத்தார். அனுப்பியிருக்கிறேன். சலிக்காமல் பார்.

நிம்மதி என்று எழுதியிருந்தாய். யோசித்துக்கொண்டிருந்தேன். நான் உன்னைத் தொந்தரவு செய்கிறேன் என்றால் ஒரு வரி எழுது, நிறுத்திக்கொள்கிறேன். எழுதாவிட்டால் தொந்தரவு இல்லை என்று எடுத்துக்கொள்வேன்.

லிஃப்ட் நலமா? அதைச் சரிசெய்கிறவர் நலமா? உன் கடிதங்களில் லிஃப்ட் இதுவரை மூன்று முறை வந்துவிட்டது, வண்டியைவிட அதற்குத்தான் நல்ல கவனிப்பு. கிழவன் சும்மா கேட்கிறேன், பதில் சொல்ல வேண்டியதில்லை.

மாமா

*

ஜூன் 18

அம்மாவுக்கு வணக்கம்.

நான் பெயிண்டர். உங்க மாமா எனக்கு வெச்ச பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்ல. தகரத்தைப் பார்சல் கட்டுற வேலை எனக்கே வந்து சேர்ந்ததால உங்க விலாசம் மனப்பாடம் ஆயிடுச்சி. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் உங்க வேலையும் சௌக்கியமா இருக்கணும்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முழுங்கி முழுங்கிப் பார்த்தேன், முடியல. அந்தக் கிரீம் எதுன்னு உங்க மாமாவுக்கு முதல் நாள்லேருந்தே தெரியும். வண்டி என் கொட்டகைக்கு வந்த அன்னிக்கு டேஷ்போர்டு பெட்டியில ஒரு சீட்டு இருந்துச்சி. உங்க வீட்டுக்காரர் கையெழுத்து. வெள்ளை இவ்வளவு, மஞ்சள் ஏழு சொட்டு, சிவப்பு ஒண்ணு, கறுப்பு குச்சி நுனின்னு எல்லாம் எழுதியிருக்கு. மாமா படிச்சாரு, மடிச்சாரு, சட்டைப்பையில வெச்சிக்கிட்டாரு. "இது இருக்குன்னு யாருக்கும் சொல்லாதே. நான் சொல்றப்போ அடிச்சா போதும்"ன்னாரு. அடுத்த வாரமே உங்களுக்கு முதல் கடுதாசி எழுதியிருக்காரு.

ஏன்னு நான் கேக்கல. அவர் கொட்டகையில உக்காந்து தபால்காரர் வர்ற பக்கமே பார்த்துட்டு இருக்கறதப் பார்த்தா கேக்கத் தோணல. உங்க கடுதாசி வர்ற அன்னிக்கு எனக்கும் டீ வாங்கித் தருவாரு. வராத நாள்ல நான் வாங்கித் தர்றேன். இப்போ கணக்குல நான்தான் அதிகம்.

ஆனா போன மாசம் நான் ஒரு தப்புப் பண்ணேன். அவர் முழங்காலுக்கு டாக்டர்கிட்ட போயிருந்தாரு. எனக்கும் அலுத்துப்போச்சி. அந்தச் சீட்டுல இருந்த கணக்கு எனக்கு மறக்கல, அதே மாதிரி கலந்து வண்டி பானெட்டு முழுக்க அடிச்சிட்டேன். வந்து பார்த்தா சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன். வந்தாரு. ஒரு மணி நேரம் நின்னுட்டே பார்த்தாரு. அப்புறம் உப்புத்தாளை எடுத்து அவரே தேய்க்க ஆரம்பிச்சிட்டாரு. நான் தடுத்தேன். "இது ஆயிடுச்சின்னா அவ எழுத மாட்டாய்யா"ன்னு சொல்லிட்டே தேய்க்கிறாரு. கை தோல் உரிஞ்சி ரத்தம் வந்தப்புறம்தான் நிறுத்தினாரு. மே மாசக் கடுதாசியில கையெழுத்து கோணலா இருந்திருக்கும், பாருங்க.

வாழ்க்கையில முதல் தடவையா நான் வேலையை முடிக்கிறேங்கிறேன், வாடிக்கைக்காரர் நாளைக்குன்னு சொல்றாரு. என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும். நான் எழுதினது அவருக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு
பெயிண்டர்

*

ஜூலை 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரித்து, லிஃப்டையும் விசாரித்து நீங்கள் எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். இதற்கு நடுவில் ஐந்து முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கை எப்படி இருக்கிறது? எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், கேட்டு யார் மீதும் கோபப்படாதீர்கள்.

இதோடு ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியை அனுப்புகிறேன். தகரம் எண் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கலவையைச் சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுப் பின்புறம் இதில்தான் அடித்துப் பார்த்தார். இதுதான் அந்த நிறம். நான் வீட்டை விட்டு வந்தபோது என் துணிகளுக்கு நடுவில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக, நிறம் நினைவில்லை என்று நான் எழுதியது பொய். உங்கள் ஒவ்வொரு தகரத்தையும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தேன். முதல் வாரமே இதை அனுப்பியிருந்தால் வண்டி மார்ச்சில் முடிந்திருக்கும். அனுப்ப மனசு வரவில்லை. மூடியின் ஓரத்தில் பாருங்கள், ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. காயும்வரை பொறுக்க முடியாமல் எடுத்துவிட்டார். "கெட்டுப்போச்சே" என்றேன். "மூடிதானே" என்றார். அவரிடமிருந்து எனக்கு அப்படியே மிச்சமிருப்பது அந்த ரேகை ஒன்றுதான்.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றையும் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏன் இந்த நிறம் என்று கேட்டேன். சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் பஸ்ஸில் ஏறி, கடைசி இருக்கையில் படுத்துக்கொண்டு, உங்கள் வேலை முடியும்வரை சுற்றிக்கொண்டே இருப்பாராம். படுத்தால் தெரிவது உள்கூரை மட்டும்தானாம். "அப்பா பஸ்ஸோட உள்கூரை இந்த நிறம். அதைப் பார்த்துட்டே தூங்கிடுவேன். வண்டி வெளியில இந்த நிறமா இருந்தா ரோட்டுல போறவங்களுக்கும் தூக்கம் வரும்" என்று சிரித்தார். இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லிஃப்டைச் சரிசெய்கிறவர் நலம். நீங்கள் ஊகித்தது சரி. செப்டம்பரில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதாக இருக்கிறோம். அதிகம் பேசாதவர். என் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் கடிதங்களை நான் படித்துக் காட்டுவேன், நாய் விஷயத்துக்கு ரொம்ப நேரம் சிரித்தார். மூடியை அந்த வீட்டுக்கு எடுத்துப்போவது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உங்களிடம் வந்து சேர்கிறது.

உங்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கேட்டால் நீங்கள் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அதைச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். அதை நினைத்தால் எழுதக் கை வரவில்லை.

வண்டியை அடித்து முடித்துவிடுங்கள் மாமா.

உங்கள் மருமகள்

*

ஆகஸ்ட் 29

அன்புள்ள மகளுக்கு,

இந்தத் தடவை தாமதம் என்னுடையது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கை ஆறிவிட்டது. நாளைக்காரர் மீது எனக்குக் கோபமில்லை, அவர்தான் என்னைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஒரு வாரம் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வேலை செய்தார்.

உன் மூடி வந்த அன்றைக்கு அவன் சீட்டைப் பையிலிருந்து எடுத்து அதன் மேல் வைத்தேன். ஆறு மாதமாக மடித்து மடித்துச் சீட்டு நாலாகக் கிழிந்துவிட்டது. நான் செய்தது கிழவன் புத்தி. உன்னை ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. "அதுக்கப்புறம் என்னை விட்டுடுங்க" என்று நீ சொன்னாய், விட என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

உள்கூரை விஷயத்தைப் படித்துவிட்டு டிப்போவுக்குப் போனேன். என் பஸ் எப்போதோ உடைப்புக்குப் போய்விட்டது. அதே வயசில் இன்னொன்று மூலையில் நிற்கிறது. காவலாளியைக் கேட்டு ஏறினேன். கடைசி இருக்கையில், முழங்கால் மடங்காமல், எப்படியோ படுத்துப் பார்த்தேன். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அண்ணாந்து பார்த்ததில்லை மகளே. டிரைவர் ரோட்டைத்தான் பார்ப்பான். பின்னால் அவன் படுத்திருக்கிறான் என்று தெரியும், என்ன பார்க்கிறான் என்று யோசித்ததே இல்லை. கிரீம்தான். அழுக்கு ஏறியிருந்தாலும் அந்தக் கிரீம்தான். அங்கே கொஞ்ச நேரம் அழுதேன். காவலாளி நல்லவர், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி முடிந்துவிட்டது. நாளைக்காரர் மூன்று பூச்சு அடித்து மெருகு போட்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு போனேன். நம் தெரு, கடைத்தெரு, டிப்போ, திரும்ப நம் தெரு. ஹாரனுக்கு எல்லாரும் பஸ் வருகிறது என்று ஒதுங்கினார்கள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை, களிம்பு டப்பாவை வைத்திருந்தேன்.

நீ எடுத்த முடிவு நல்ல முடிவு. நீ சொன்ன மாதிரியே, கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவருக்கு என் ஆசீர்வாதம் சொல். கதவைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் வீட்டுக்கு நல்லது. கையெழுத்துப் போடும் அன்றைக்கு நான் வரவில்லை. என் முகத்தில் நீங்கள் இரண்டு பேரும் இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கும், அது அந்த நாளுக்கு நன்றாக இருக்காது.

மூடியைத் திருப்பி அனுப்புகிறேன். அது உன்னுடையது. எந்த வீட்டில் வைத்தால் என்ன, விரலுக்கு வீடு தெரியாது. அந்த ரேகைமேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவன் விரல் மெல்லியது.

கூடவே பன்னிரண்டாம் தகரம் இருக்கிறது. வண்டிக்கு அடித்த அதே கலவை, அதே கிண்ணம். கடைசித் துண்டு. ஓரத்தில் ஒரு விரல் தடம் விழுந்துவிட்டது, மன்னித்துக்கொள். காய்வதற்குள் எடுத்துவிட்டேன்.

நீ உன் சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். வண்டி முடியும்வரை பதில் போடுகிறேன் என்றாய், போட்டாய். இனி எழுத வேண்டியதில்லை. நன்றாக இரு.

மாமா

*

நவம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அவரும் நலம். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா, நாய் இன்னும் குரைக்கிறதா, முழங்காலோடு சமாதானம் ஆயிற்றா என்றெல்லாம் தெரியவில்லை. ஏனென்றால் எழுத வேண்டாம் என்று எழுதிவிட்டு நீங்களும் நிறுத்திவிட்டீர்கள்.

செப்டம்பரில் கையெழுத்துப் போட்டோம். வீடு மாறினோம், இங்கே லிஃப்ட் இல்லை, இரண்டாவது மாடிதான். பழைய விலாசத்துக்கு வரும் தபால் இங்கே வர ஏற்பாடு செய்திருக்கிறோம். இந்த இரண்டு மாதமும் கீழே தபால் பெட்டியைத் தினமும் திறந்து பார்த்தேன். மின்சார ரசீது, பக்கத்து வீட்டுக்காரர் பேருக்கு வந்த ஒரு பத்திரிகை. உங்கள் கொட்டகை இருக்கையில் உட்கார்ந்து தபால்காரரைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. உங்களை அப்படி எத்தனை வாரம் உட்கார வைத்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மூடியை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அவர்தான் அதற்கு ஆணி அடித்துக் கொடுத்தார். பன்னிரண்டாம் தகரத்தை இன்றுதான் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலை வெயிலில் ஒரு தடவை, சாயங்கால வெயிலில் ஒரு தடவை. வேலைக்கு எடுத்துப்போய் மேசை விளக்கின் கீழும் வைத்தேன். ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஓரத்தில் ரேகைகள் மட்டும் வேறு, ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. காய்வதற்குள் தொடுவது உங்கள் வீட்டு வழக்கம் போலிருக்கிறது.

ஆகவே நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். பன்னிரண்டு சரியில்லை மாமா.

நிழலில் வைத்தால் லேசாகப் பச்சை தட்டுகிறது. நாளைக்காரர் இல்லை என்பார், கேட்காதீர்கள், எனக்குத் தெரிகிறது. வண்டியைத் தொட வேண்டாம், உப்புத்தாள் பக்கமே போகக் கூடாது. அது அப்படியே ஓடட்டும். தகரத்தில் மட்டும் அடித்துப் பார்ப்போம். வண்டி முடிந்த பிறகு என்னை விட்டுவிடுங்கள் என்று சொன்னது நான்தான், என்னைக் கேட்டால் வண்டி இன்னும் முடியவில்லை.

அவசரம் ஒன்றுமில்லை. குச்சி நுனியில் கறுப்பைக் கொஞ்சம் மாற்றி, பதின்மூன்றை அனுப்புங்கள்.

உங்கள் மகள்